ஆங்கிலேயர் கப்பலேறியது நிலத்துக்காக

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் அமெரிக்க வரலாறு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மத சுதந்திரம் தேடி ஆங்கிலேயர்கள் புது உலகத்துக்குப் போய்க் குடியேறினார்கள் என்று ஒரே வரியில் காரணத்தை முடித்துவிட்டு நேராக 1776 சுதந்திரப் பிரகடனத்துக்குத் தாவிவிட்டது கட்டுரை. நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவன். என்னிடம் படிக்கிற பிள்ளைகளும் இதே வரியைத்தான் மனப்பாடம் செய்து எழுதுகிறார்கள், நாளைக்குப் போட்டித் தேர்விலும் எழுதுவார்கள். அந்த வரி பொய் இல்லை, ஆனால் கப்பலேறியவர்களில் ஒரு சிறு பகுதிக்குத்தான் அது பொருந்தும். மிச்சப் பேரை ஊரைவிட்டுக் கிளப்பியது நிலம் இல்லாமல் போனது, அந்தக் கரைக்கு இழுத்ததும் நிலம் கிடைக்கும் என்ற ஆசை. இதைச் சொல்லாமல் விட்டால் அப்புறம் அங்கே பூர்வகுடிகளுக்கு என்ன நடந்தது, ஆப்பிரிக்கர்களை ஏன் விலைக்கு வாங்கினார்கள் என்பதெல்லாம் ஏதோ தனித்தனிப் பாவங்கள் மாதிரித் தெரியும். எல்லாம் ஒரே கதை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், இடம் கொடுத்து வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1607 என்றதும் எல்லாரும் ஜேம்ஸ்டவுன் என்பார்கள். அந்த வருஷம் மே மாதம்தான் வர்ஜீனியாவில் ஆங்கிலேயர்களின் முதல் நிலைத்த குடியேற்றம் தொடங்கியது. அதே மே மாதம் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை யாரும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. நார்த்தாம்ப்டன்ஷயர், லெஸ்டர்ஷயர், வாரிக்ஷயர் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மண்வெட்டியோடு கிளம்பி, நிலப்பிரபுக்கள் போட்ட வேலிகளைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தார்கள், தோண்டிய அகழிகளை மண்போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் மந்தைவெளி, மேய்ச்சல் புறம்போக்கு என்கிறோமே, அந்த மாதிரி ஊருக்குப் பொதுவான நிலம் அங்கேயும் இருந்தது. ஏழைக் குடும்பம் ஒரு மாட்டை மேய்க்கவும் விறகு பொறுக்கவும் அதுதான் கதி. கம்பளித் துணிக்கு நல்ல விலை கிடைத்ததால் நிலப்பிரபுக்கள் அதை வளைத்து வேலி போட்டு ஆடு மேய்க்க விட்டார்கள். பத்து உழவர்கள் உழுத நிலத்தில் ஆடு மேய்க்க ஒரு மேய்ப்பன் போதும். மற்ற ஒன்பது பேர் எங்கே போவது?

அந்தக் கலகத்துக்குத் தலைமை தாங்கியவர் ஜான் ரெனால்ட்ஸ் என்ற எளிய மனிதர். இடுப்பில் ஒரு பை கட்டியிருந்ததால் ஜனங்கள் அவரை 'பை கேப்டன்' என்றே கூப்பிட்டார்கள். இந்தப் பைக்குள் இருக்கிறது உங்களை எல்லா ஆபத்திலிருந்தும் காப்பாற்றும் என்று அவர் சொல்ல, பாவம், ஜனங்கள் நம்பினார்கள். ஜூன் மாதம் நியூட்டன் என்ற கிராமத்தில் நிலப்பிரபுக்களின் ஆட்கள் ஆயுதத்தோடு பாய்ந்ததில் நாற்பது, ஐம்பது பேர் செத்தார்கள். பிடிபட்டவர்களைத் தூக்கில் போட்டார்கள். ரெனால்ட்ஸின் பையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு துண்டு பாலாடைக்கட்டிதான் இருந்தது. ஆங்கிலேயர்கள் ஏன் கடல் தாண்டினார்கள் என்று வகுப்பில் யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

வேலி மட்டுமே காரணம் இல்லை. 1540-களில் முப்பது லட்சத்துக்கும் குறைவாக இருந்த இங்கிலாந்து மக்கள்தொகை 1650 வாக்கில் ஐம்பது லட்சத்தைத் தாண்டியது. தானிய விலை ஏறிக்கொண்டே போனது, கூலி அந்த வேகத்துக்கு ஏறவில்லை. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கூலியாள் தன் கூலிக்கு வாங்கிய ரொட்டியில் ஏறக்குறைய பாதியைத்தான் நூற்றாண்டு முடியும்போது வாங்க முடிந்தது. வேலை தேடி ஊர் ஊராக அலைகிறவர்கள் பெருகினார்கள். அரசு அவர்களை எப்படி நடத்தியது தெரியுமா? 1547-ல் வந்த சட்டப்படி, வேலை செய்யாமல் சுற்றுகிறவன் என்று பிடிபட்டால் நெஞ்சில் சூடு போட்டு இரண்டு வருஷம் அடிமையாக ஒருவரிடம் ஒப்படைக்கலாம். அதை நடைமுறைப்படுத்த முடியாமல் சீக்கிரமே கைவிட்டார்கள். 1572-ல் வந்த சட்டம் சாட்டையடி கொடுத்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காதில் ஓட்டை போடச் சொன்னது. 1597 சட்டத்தில்தான் ஆபத்தானவர்கள் என்று கருதப்பட்டவர்களைக் கடலுக்கு அப்பால் அனுப்பிவிடலாம் என்ற வாசகம் வருகிறது. இது வெறும் போலீஸ் யோசனை இல்லை. 1584-லேயே ரிச்சர்ட் ஹாக்லூட் என்ற பாதிரியார் எலிசபெத் ராணிக்குக் கொடுத்த நீண்ட அறிக்கையில், சிறைகள் நிரம்பி வழிகின்றன, வேலையற்றவர்கள் நாட்டைத் தின்கிறார்கள், இவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பினால் இங்கே பாரமும் குறையும், அங்கே நமக்கு மரம், எண்ணெய், ஒயின் என்று எல்லாம் விளையும், நம் துணிக்குப் புதுச் சந்தையும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்.

ஆக, குடியேற்றத்தைத் திட்டமிட்டவர்கள் வேறு, கப்பலில் போனவர்கள் வேறு. இந்த இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகப் போட்டு 'ஆங்கிலேயர்கள்' என்று ஒரே சொல்லில் எழுதுவதால்தான் குழப்பமே வருகிறது.

திட்டமிட்டவர்கள் லண்டன் வியாபாரிகளும் பிரபுக்களும். 1606-ல் அரசர் முதலாம் ஜேம்ஸிடம் உரிமைப் பத்திரம் வாங்கி வர்ஜீனியா கம்பெனி தொடங்கினார்கள். 1609-ல் ஒரு பங்கு 12 பவுண்டு 10 ஷில்லிங் என்று ஊரெல்லாம் விற்றார்கள், அது போதாமல் 1612-ல் லாட்டரி நடத்தியும் பணம் திரட்டினார்கள். அவர்கள் மனதில் இருந்தது ஸ்பெயின். மெக்சிகோவிலும் பெருவிலும் ஸ்பெயின்காரர்கள் அள்ளிய தங்கமும் வெள்ளியும் தங்களுக்கும் கிடைக்கும், அல்லது ஆசியாவுக்குப் போக ஒரு குறுக்கு வழியாவது கிடைக்கும் என்று நம்பித்தான் ஆட்களை அனுப்பினார்கள். முதலில் போன நூற்றுச் சொச்சம் பேரில் பெரும் பகுதி உழவு தெரியாத கனவான்கள், அதாவது மூத்த மகனுக்கே முழுச் சொத்து என்ற வழக்கத்தால் வெறுங்கையோடு நின்ற இளைய மகன்கள் மாதிரியான ஆட்கள். சதுப்பு நிலத்தில் முகாம் போட்டுத் தங்கம் தேடினார்கள். பளபளக்கிற மண்ணைக் கப்பலில் ஏற்றி லண்டனுக்கு அனுப்பினார்கள், அது வெறும் மண் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். 1609-10 குளிர்காலத்தில் 500 பேர் அளவில் இருந்தவர்கள் வசந்தம் வரும்போது 60 பேராகிவிட்டார்கள். நாய், பூனை, எலி, செருப்புத் தோல் என்று தின்று முடித்து, கடைசியில் செத்தவர்களின் உடலையும் தின்றார்கள். 14 வயதுப் பெண் ஒருத்தியின் எலும்புகளில் இருந்த வெட்டுத் தடங்களை வைத்து ஆய்வாளர்கள் அதை 2013-ல் உறுதிப்படுத்தினார்கள்.

இத்தனைக்கும் பிறகு ஏன் அந்த இடத்தை விடவில்லை? புகையிலை. ஜான் ரோல்ஃப் என்பவர் கரீபியன் பக்கத்திலிருந்து வந்த விதையைப் போட்டு வர்ஜீனியா மண்ணில் நல்ல புகையிலை விளைவித்துக் காட்டினார். 1617-ல் 20,000 பவுண்டு எடைப் புகையிலை இங்கிலாந்துக்குப் போனது, பிறகு அது தாவித் தாவி ஏறியது. புகையிலை மண்ணைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும் பயிர், சில வருஷத்துக்கு ஒருமுறை புது நிலம் திருத்த வேண்டும். ஆளும் நிறைய வேண்டும். நிலம் கொட்டிக் கிடக்கிறது என்று கம்பெனி நினைத்தது, ஆள் இல்லை. இங்கிலாந்திலோ ஆள் கொட்டிக் கிடந்தது, நிலம் இல்லை. 1618-ல் கம்பெனி ஒரு விதி கொண்டுவந்தது: ஓர் ஆளைக் கப்பல் கட்டணம் கொடுத்து வர்ஜீனியாவுக்குக் கொண்டுவருகிறவருக்கு அந்த ஆள் தலைக்கு 50 ஏக்கர் நிலம். இந்தியாவில் நமக்குத் தெரிந்த ஆங்கில ஆட்சியோடு ஒப்பிட்டால் இது முற்றிலும் வேறு மாதிரியான ஏற்பாடு. ஆளைக் கொண்டுவந்தால் நிலம். அதற்கு அப்புறம் வர்ஜீனியாவில் பணக்காரன் ஆவதற்கு வழி, ஏழை ஆங்கிலேயர்களைக் கப்பல் கப்பலாக இறக்குமதி செய்வதுதான்.

அந்த ஏழைகள் எப்படிப் போனார்கள்? கப்பல் கட்டணம் ஆறு பவுண்டு அளவில் ஆகும். ஒரு பண்ணை வேலையாள் அதைச் சேர்த்து வைப்பது நடக்கிற காரியம் இல்லை. அதனால் ஒப்பந்தம். ஒரே காகிதத்தில் இரண்டு பிரதி எழுதி, நடுவில் பல்லுப்பல்லாக வெட்டி ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வார்கள், பின்னால் தகராறு வந்தால் இரண்டு துண்டும் பொருந்துகிறதா என்று பார்க்கலாம். நாலு வருஷமோ ஏழு வருஷமோ எஜமானுக்கு உழைக்க வேண்டும். எஜமான் சாப்பாடு, துணி, இருக்க இடம் கொடுப்பார். கூலி கிடையாது. கல்யாணம் செய்ய அனுமதி வேண்டும், ஓடினால் உழைக்க வேண்டிய காலம் கூடும், எஜமான் நினைத்தால் மிச்ச வருஷங்களை வேறு ஒருவருக்கு விற்றுவிடலாம். கெடு முடிந்தால் கொஞ்சம் தானியம், ஒரு செட் துணி, சில இடங்களில் மண்வெட்டி, கோடரி, மேரிலாந்தில் நிலத்துக்கான உரிமைச் சீட்டும் கிடைக்கும். இந்தக் கடைசி வரிதான் இழுத்தது. அமெரிக்கப் புரட்சி வரைக்கும் போன வெள்ளையர்களில் பாதிக்கும் மேல் இப்படித்தான் போனார்கள், வர்ஜீனியா, மேரிலாந்து பக்கம் கணக்கெடுத்தால் முக்கால்வாசி. பெரும்பாலும் பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயதுக்கு உள்ளே, ஆண்கள், தனி ஆட்கள். எல்லாரும் விரும்பிப் போனவர்களும் இல்லை. 1619-ல் லண்டன் தெருக்களில் பிடித்த அநாதைப் பிள்ளைகள் நூறு பேரை நகராட்சியே அனுப்பிவைத்தது. துறைமுகங்களில் ஆசை காட்டியும் குடிக்கக் கொடுத்தும் பிள்ளைகளைக் கப்பலில் ஏற்றிவிடுகிற தரகர்கள் இருந்தார்கள்.

இப்படிப் போன ஒரு பையனின் கடிதம் இன்றைக்கும் இருக்கிறது. பெயர் ரிச்சர்ட் ஃப்ரெத்தோர்ன். 1623 மார்ச், ஏப்ரலில் வர்ஜீனியாவிலிருந்து அப்பா அம்மாவுக்கு எழுதியது. கரையிறங்கிய நாளிலிருந்து பட்டாணியும் தண்ணிக் கஞ்சியும் தவிர எதையும் தின்னவில்லை என்கிறான். மான் கறி கிடைக்கும் என்றார்களே, நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்கிறான். ஒரு பென்னி ரொட்டியை நாலு பேர் பிய்த்துக்கொள்கிறோம், இங்கே நோயும் சாவும் தவிர சம்பாதிக்க எதுவும் இல்லை, பூர்வகுடிகள் எந்த நேரம் தாக்குவார்களோ என்று பயந்து கிடக்கிறோம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறான். அவனுடைய மேலங்கியைக் கூட இருந்தவன் ஒருத்தன் திருடிவிட்டானாம். அந்தத் திருடன் கப்பலில் வெண்ணெயும் மாட்டுக்கறியும் வாங்கியதை வேறு ஆட்கள் பார்த்திருக்கிறார்கள், அதற்கு விலை என் மேலங்கியாகத்தான் இருக்கும் என்று எழுதுகிறான். இங்கிலாந்தில் வீடு வீடாகப் பிச்சை எடுத்தாலும் பரவாயில்லை, கை கால் போனாலும் பரவாயில்லை, திரும்பிப் போனால் போதும் என்று இங்கே ஜனங்கள் இரவும் பகலும் கதறுகிறார்கள் என்கிறான். என்னை மீட்டுவிடுங்கள், முடியாவிட்டால் பாலாடைக்கட்டியாவது வெண்ணெயாவது அனுப்புங்கள், விற்றுப் பிழைத்துக்கொள்கிறேன் என்று அப்பாவிடம் கெஞ்சுகிறான். வர்ஜீனியா கம்பெனி 1607 முதல் 1624 வரை அனுப்பியவர்கள் ஆறாயிரம் பேருக்கும் மேல். 1625-ல் தலை எண்ணியபோது ஆயிரத்து இருநூறு பேர் அளவில்தான் மிஞ்சியிருந்தார்கள். இந்தப் பையனை மத சுதந்திரம் தேடிப் போனவன் என்று எந்த வாயால் சொல்வது?

சரி, மதத்துக்காகப் போனவர்கள் யார் என்பதையும் பார்க்கலாம், அவர்களும் உண்மையானவர்கள்தான், அவர்கள் பக்தியை நான் சந்தேகப்படவில்லை. 1620-ல் மேஃப்ளவர் கப்பலில் போன 102 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து பிரிந்து வந்தவர்கள். ஆனால் அவர்கள் நேராக இங்கிலாந்திலிருந்து தப்பி ஓடிக் கப்பலேறவில்லை. அதற்கு முன்னாலேயே ஹாலந்துக்குப் போய் லைடன் நகரத்தில் பத்து வருஷத்துக்கும் மேல் வாழ்ந்துவிட்டார்கள். அங்கே யாரும் அவர்கள் வழிபாட்டில் தலையிடவில்லை. அப்புறம் ஏன் கிளம்பினார்கள்? அவர்களில் ஒருவரான வில்லியம் பிராட்ஃபோர்டே எழுதிவைத்திருக்கிறார்: துணி நெசவிலும் கூலி வேலையிலும் முதுகு ஒடிந்தது, பிள்ளைகள் சின்ன வயதிலேயே வேலைக்குப் போய்க் கூன் விழுந்துபோனார்கள், டச்சுக்காரப் பிள்ளைகளோடு சேர்ந்து நம் வழியைவிட்டுப் போகிறார்கள், ஸ்பெயினோடு போர் திரும்பத் தொடங்கப்போகிறது. கடவுளைப் பற்றிய கவலையும் உண்டு, வயிற்றைப் பற்றிய கவலையும் உண்டு, பிள்ளைகளைப் பற்றிய கவலை எல்லாவற்றுக்கும் மேல். இவர்களுக்கும் பணம் போட்டது லண்டன் வியாபாரிகள்தான், ஏழு வருஷம் உழைத்துக் கிடைக்கிற லாபத்தைப் பங்கு போடுவதாக ஒப்பந்தம்.

1630-ல் ஜான் வின்த்ரோப் தலைமையில் மாசசூசெட்ஸ் போன பெருங்கூட்டத்தின் விஷயம் இன்னும் தெளிவு. அரசர் முதலாம் சார்லஸ் 1629-ல் பாராளுமன்றத்தைக் கலைத்துவிட்டார், லாட் என்ற பிஷப்பை வைத்து, இங்கிலாந்துத் திருச்சபையை இன்னும் சீர்திருத்த வேண்டும் என்ற பியூரிட்டன் பாதிரிகளை ஒடுக்கினார். அது நிஜமான கொடுமை. 1640 வரைக்கும் சுமார் இருபதாயிரம் பேர் குடும்பம் குடும்பமாகப் போனதற்கு அது முக்கியக் காரணம், 1640-ல் பாராளுமன்றம் திரும்பக் கூடியதும் அந்த ஓட்டம் சட்டென்று நின்றதும், சிலர் திரும்பி வந்ததும் அதற்குச் சாட்சி. ஆனால் வின்த்ரோப் கிளம்புவதற்கு முன் எழுதிய காரணங்களில் மதத்தோடு இன்னொன்றும் இருக்கிறது. இந்த நாட்டுக்குத் தன் மக்களைப் பார்த்தே சலித்துவிட்டது, இங்கே மனிதனுக்குக் குதிரைக்கும் ஆட்டுக்கும் இருக்கிற விலைகூட இல்லை என்று எழுதுகிறார். அவருக்கு மகன்கள் பலர், சொத்தைப் பிரித்தால் யாருக்கும் போதாது, லண்டனில் பார்த்த சட்ட வேலையும் போய்விட்டது. அவரோடு போனவர்களில் நிறையப் பேர் கிழக்குப் பகுதி நெசவுக்காரர்கள், துணி வியாபாரம் படுத்துத் தறி நின்றுபோன ஊர்களிலிருந்து வந்தவர்கள். ஒரு மனிதனுக்குள்ளேயே பைபிளும் பட்டாவும் சேர்ந்திருக்கலாம், பாடப்புத்தகம் ஒன்றை மட்டும் காட்டுகிறது.

மத சுதந்திரம் என்ற சொல்லுமே இங்கே அளவோடு சொல்ல வேண்டியது. அவர்கள் தேடியது தங்கள் மதத்துக்கான சுதந்திரம். மாற்றுக் கருத்துச் சொன்ன ரோஜர் வில்லியம்ஸை நாடு கடத்தினார்கள், ஆன் ஹட்சின்சனை விரட்டினார்கள், குவேக்கர் என்ற இன்னொரு கிறிஸ்தவப் பிரிவில் இருந்த குற்றத்துக்கு மேரி டயரை 1660 ஜூன் 1-ஆம் தேதி பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள்.

இன்னொரு விஷயத்தை நம் புத்தகங்கள் தொடுவதே இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் அட்லாண்டிக் தாண்டிய ஆங்கிலேயர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் போனது இன்றைய அமெரிக்காவுக்கே இல்லை, கரீபியன் தீவுகளுக்கு. 1627-ல் பார்படோஸில் இறங்கினார்கள். நம் சென்னை மாநகராட்சியின் பரப்பளவுதான் அந்தத் தீவு. முதலில் புகையிலை, பருத்தி, 1640-களிலிருந்து கரும்பு. கரும்பு வந்ததும் பெரிய பண்ணைக்காரர்கள் எல்லா நிலத்தையும் வாங்கிவிட்டார்கள். ஒப்பந்தக் கெடு முடிந்து வெளியே வந்த ஏழை வெள்ளையனுக்கு ஒரு துண்டு நிலம்கூட மிஞ்சவில்லை. அவன் அடுத்த தீவுக்கோ கரோலினாவுக்கோ கிளம்பினான். பண்ணைக்காரன் ஆப்பிரிக்காவிலிருந்து ஆயுள் முழுக்க உழைக்கிற அடிமைகளை வாங்கினான். இங்கிலாந்தில் மக்கள்தொகைப் பெருக்கம் நின்று கூலி கொஞ்சம் ஏறத் தொடங்கியதும் ஒப்பந்தத்துக்கு வருகிற ஆங்கில இளைஞர்கள் குறைந்தார்கள், வர்ஜீனியாவிலும் அதே மாற்றம் நடந்தது. முதல் ஆப்பிரிக்கர்கள், இருபது பேருக்குக் கொஞ்சம் மேல், 1619-லேயே வர்ஜீனியாவில் இறக்கப்பட்டுவிட்டார்கள். ஆனால் பண்ணை வேலை பெரும்பாலும் அடிமைகள் தலையில் விழுந்தது அந்த நூற்றாண்டின் கடைசியில்தான்.

இப்போது நிலத்துக்குச் சொந்தக்காரர்களைப் பார்க்கலாம், உங்கள் கட்டுரையில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. பிளிமத்தில் மேஃப்ளவர்க்காரர்கள் வீடு கட்டிய இடம் காலி இடம் இல்லை. அது பட்டுக்ஸெட் என்ற ஊர், சோளக்கொல்லை திருத்திய ஊர். நாலைந்து வருஷம் முன்னால் ஐரோப்பியக் கப்பல்கள் கொண்டுவந்த கொள்ளைநோயில் ஊரே செத்துப்போயிருந்தது. திருத்திய கொல்லை அப்படியே கிடைத்ததைக் கடவுளின் கொடை என்று எடுத்துக்கொண்டார்கள். வர்ஜீனியாவில் புகையிலைக்கு ஆற்றோரத்து நல்ல நிலம்தான் வேண்டும், பொஹாட்டன் மக்களின் ஊர்களும் கொல்லைகளும் அதே ஆற்றோரத்தில்தான். பதினைந்து வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு 1622 மார்ச்சில் அவர்கள் எழுந்து 347 குடியேறிகளைக் கொன்றார்கள். அதைக் காரணம் காட்டிக் குடியேறிகள் வருஷா வருஷம் அவர்கள் சோளத்தைக் கொளுத்தினார்கள். 1637-ல் கனெக்டிகட்டில் பீக்வாட் மக்களின் மிஸ்டிக் கிராமத்தைத் தீ வைத்து, பெண்கள் குழந்தைகளோடு நூற்றுக்கணக்கானவர்களை எரித்தார்கள்.

இதற்கு வின்த்ரோப் சொன்ன நியாயத்தைக் கவனியுங்கள். இந்த மக்கள் நிலத்துக்கு வேலி போடவில்லை, நிலையான வீடு இல்லை, வளர்ப்பு மாடு இல்லை, ஆகவே அவர்கள் உழுகிற அளவு போக மிச்ச நிலம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு ஒவ்வொரு முறை இதைச் சொல்லிக்கொடுக்கும்போதும் ஆத்திரம் வருகிற இடம் இதுதான். இங்கிலாந்தில் பொது நிலத்துக்கு வேலி போட்டதால் தெருவுக்கு வந்த ஜனங்கள், அமெரிக்காவுக்குப் போய், உங்கள் நிலத்துக்கு வேலி இல்லை அதனால் அது உங்களுடையது இல்லை என்றார்கள். வேலியைப் பிடுங்கியதற்காக நியூட்டனில் செத்தவர்களின் பேரன்கள் வயதில் இருக்கக்கூடியவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் வேலி நட்டார்கள்.

ஏழைகள்தானே, வேறு வழி இல்லாமல் போனவர்கள்தானே என்று விட்டுவிடலாமா? ஃப்ரெத்தோர்னுக்காக எனக்கு மனசு வலிக்கிறது, அது வேறு. 1676-ல் வர்ஜீனியாவில் நதானியல் பேக்கன் என்ற பணக்காரன் கிளப்பிய கலகத்தில் அவன் பின்னால் போனவர்களில் நிறையப் பேர் கெடு முடிந்தும் நல்ல நிலம் கிடைக்காத பழைய ஒப்பந்த வேலையாட்கள். ஆற்றோரத்து நிலமெல்லாம் பெரிய பண்ணைக்காரர்கள் கையில். அவர்கள் கோபம் ஆளுநர் மேலும் இருந்தது, ஜேம்ஸ்டவுனையே கொளுத்தினார்கள். ஆனால் அதற்கு முன்னால் அவர்கள் துப்பாக்கியோடு போய் விழுந்தது ஆக்கனீச்சி, பமங்கி என்ற பூர்வகுடி மக்கள் மேல், அதுவும் ஆங்கிலேயர்களோடு சமாதானமாக இருந்தவர்கள் மேல். நிலம் கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்துக் கூப்பிட்டவர்களுக்குப் பூர்வகுடிகளின் நிலத்தைத் தவிரக் கொடுக்க வேறு ஒன்றும் இல்லை. அங்கே குடியேற்றம் என்பதன் அடிப்படையே அதுதான், சில கெட்ட ஆட்கள் செய்த தப்பு என்று அதைச் சுருக்கக் கூடாது.

ஆஸ்திரேலியாவையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஹாக்லூட் போட்ட கணக்கு அங்கேதான் முழுசாக நிறைவேறியது. 1718 சட்டப்படி கைதிகளை அமெரிக்காவுக்கு நாடு கடத்தினார்கள், 1775 வரை ஐம்பதாயிரம் பேர் அளவில். அமெரிக்கா கைவிட்டுப் போனதும் தேம்ஸ் நதியில் பழைய கப்பல்களில் கைதிகளை அடைத்தார்கள். அதுவும் நிரம்பியதும் 1788-ல் பதினொரு கப்பல்கள் சிட்னி பக்கம் போய்ச் சேர்ந்தன. 1868 வரை ஒரு லட்சத்து அறுபதாயிரம் கைதிகளுக்கு மேல்.

நம் பக்கத்துக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பெயர் போதும்: சர் தாமஸ் ஸ்மைத். 1600-ல் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் ஆளுநர் இவர்தான், 1609 முதல் 1619 வரை வர்ஜீனியா கம்பெனியின் பொருளாளரும் இவர்தான். ஒரே லண்டன் வியாபாரி, இரண்டு கம்பெனி. வர்ஜீனியாவுக்கு ஆட்களை அனுப்பினார்கள், சோழமண்டலக் கரைக்குக் குமாஸ்தாக்களையும் வெள்ளியையும் அனுப்பினார்கள். 1639-ல் மதராசப்பட்டினத்தில் இடம் வாங்கியதுகூட நெசவாளர்களிடம் துணி எடுக்க வசதியாக. இங்கே நிலம் முழுக்க உழவர் கையில் இருந்தது, ஜனம் நெருக்கமாக இருந்தது, கேட்க ராஜாக்கள் இருந்தார்கள். தனியார் ஆங்கிலேயர் யாரும் இஷ்டத்துக்கு வந்து நிலம் வாங்கிக் குடியேறுவதைக் கம்பெனியே 1833 வரை தடுத்துவைத்திருந்தது. இரக்கத்தால் இல்லை, தன் வியாபாரத்துக்கும் அதிகாரத்துக்கும் இடைஞ்சல் என்பதால்.

பின்னால் அந்த ஒப்பந்தப் பத்திரம் நம்மிடமே வந்தது. 1830-களில் அடிமை முறையை ஒழித்ததும் கரும்புப் பண்ணைக்கு ஆள் தேவைப்பட, கிட்டத்தட்ட ஃப்ரெத்தோர்ன் காலத்து ஏற்பாட்டையே தூசி தட்டி எடுத்தார்கள். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் நவம்பர் 16-ஆம் தேதி 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் டர்பன் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. அவர்களிடமும் நிலத்தைத்தான் காட்டினார்கள்: ஒப்பந்தக் காலத்தையும் சேர்த்துப் பத்து வருஷம் இருந்தால் ஊர் திரும்பக் கப்பல் டிக்கெட், வேண்டாம் என்றால் அந்த மதிப்புக்கு அரசு நிலம். சிலருக்குக் கொடுக்கவும் கொடுத்தார்கள். அப்புறம் வெள்ளைக் குடியேறிகளுக்குப் போட்டியாகத் தமிழர்கள் காய்கறி போட்டு விற்கத் தொடங்கியதும் 1891-ல் நிலம் தருகிற விதியை நீக்கிவிட்டு, 1895-ல் சட்டம் போட்டு, கெடு முடிந்தும் ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் போடாமலும் இருக்கிற ஒவ்வொருவர் தலைக்கும் வருஷத்துக்கு மூன்று பவுண்டு வரி கட்டச் சொன்னார்கள். வர்ஜீனியாவில் ஒரு வெள்ளைக் கூலியின் தலைக்கு எஜமானுக்கு 50 ஏக்கர் கிடைத்த அதே சாம்ராஜ்யத்தில் நம் கூலியின் தலைக்கு விழுந்தது வரி. அதை எதிர்த்து 1913-ல் நேட்டாலின் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள். அந்தப் போராட்டத்தில் சிறை போய்த்தான் தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் செத்துப்போனாள், அதே வருஷம் வரியை எடுத்தார்கள்.

நன்றி.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்,
மயிலாடுதுறை